எட்டாம் ஹென்றி 800 மடங்களை 4 வருடத்தில் எப்படி மூடினார்? நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லவும்

வாசகன்_16

1536-க்கும் 1540-க்கும் நடுவில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 800-க்கும் மேற்பட்ட துறவு மடங்கள் காலியாகின. மனைவியை விலக்கப் போப் சம்மதிக்காத கதை எல்லாருக்கும் தெரியும், அது வேண்டாம். நிரந்தரப் படையும் போலீசும் இல்லாத அரசு இதை எப்படிச் செய்து முடித்தது? எந்த மடத்தில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? துறவிகள் ஏன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள்?

கணக்குப்பிள்ளை

எல்லாம் ஒரு வரிக் கணக்கில் தொடங்கியது. 1534-ல் திருச்சபைத் தலைமை மன்னருக்கு வந்ததும், குருக்களின் வருமானத்தில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு அரசுக்கு என்று சட்டம் வந்தது. வரி போட வருமானம் தெரிய வேண்டுமே! 1535-ன் தொடக்கத்தில் கவுண்டிக்கு (அந்நாட்டு மாவட்டத்துக்கு) ஒரு குழு போட்டார்கள். உள்ளூர் நிலக்கிழார்கள்தான் உறுப்பினர்கள். எந்த வயல் யாருடையது, குத்தகை எவ்வளவு என்பது அவர்களுக்கு அத்துப்படி. சில மாதங்களில் நாடு முழுவதற்குமான 'வலோர் எக்லீசியாஸ்டிகஸ்' என்ற பதிவேடு கிட்டத்தட்டத் தயார்.

இதைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. அதில் உள்ளது கழிவு போக நிகர வருமானம். மடத்தை நிறுவியவர் சாசனத்தில் எழுதி வைத்த கட்டாயத் தர்மத்துக்கு மட்டுமே கழிவு உண்டு. வாசலில் தினமும் போட்ட சோறு கணக்கில் வராது. 'மடங்கள் தர்மமே செய்யவில்லை' என்று இதை வைத்து வாதிடுவோர் இந்த விதியைக் கவனிப்பதில்லை.

1536 சட்டம் அந்தப் பதிவேட்டின் மேல்தான் நிற்கிறது. ஆண்டு நிகர வருமானம் 200 பவுண்டுக்குக் கீழே இருந்தால் மூடல். சட்ட முன்னுரையோ சிறு மடங்களில் ஒழுக்கக் கேடு, பெரிய மடங்களில் பக்தி நன்றாக இருக்கிறது என்கிறது. 199 பவுண்டில் இருந்த பாவம் 201-ல் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. பணம் கட்டி விலக்கு வாங்கிய சிறு மடங்களும் உண்டு. சொத்தை வாங்கி நிர்வகிக்க அதே ஆண்டில் 'கோர்ட் ஆஃப் ஆக்மென்டேஷன்ஸ்' என்ற தனி நீதிமன்றம் வந்தது. பெயர் நீதிமன்றம், வேலை வருவாய்த்துறை. தலைவர் ரிச்சர்ட் ரிச்.

கல்தச்சன்

மூடும் நாளில் நடந்ததைச் சொல்கிறேன். ஆணையர்கள் வந்ததும் துறவிகளைக் கூட்ட மண்டபத்தில் கூட்டுவார்கள். ஒப்படைப்புப் பத்திரம் முன்பே எழுதி வந்திருக்கும். மடத்துத் தலைவர் முதல் கடைசித் துறவி வரை கையெழுத்து, பிறகு மடத்து முத்திரை. அந்த முத்திரையை உடனே உடைத்துவிடுவார்கள், பின்தேதியிட்டு வேறு பத்திரம் எழுத முடியாதபடி.

அடுத்தது இருப்புப் பட்டியல். வெள்ளி, பொன், புனிதர்களின் எலும்பு முதலியவற்றை வைத்திருந்த பேழைகளின் கற்கள் லண்டன் கோபுரத்தின் நகைக் கருவூலத்துக்கு. பாத்திரம், மெத்தை, கால்நடை, தானியம் அங்கேயே ஏலம். மணியும் கூரை ஈயமும் மட்டும் ஏலத்தில் கிடையாது, மன்னருக்கே. மணி உடைந்தால் பீரங்கிக்கான வெண்கலம்.

ஈயம்தான் தொல்லை. தகடாகச் சுமக்க முடியாது. உருக்கிக் கட்டியாக வார்த்தால்தான் எடை போட்டு முத்திரை குத்தி வண்டியேற்றலாம். உருக்க விறகு வேண்டும், தூரத்திலிருந்து கொண்டுவந்தால் செலவு. எனவே கோயிலுக்குள்ளிருந்த மரமே எரிந்தது. யார்க்‌ஷயரின் ரோச் மடத்தில் துறவிகள் அமர்ந்து சங்கீதம் பாடிய இருக்கைகளை எரித்துத்தான் ஈயத்தை உருக்கினார்கள். கூரை போனால் மழை இறங்கும், சுண்ணாம்புச் சாந்து கரையும், மீதியை ஊரார் வீடு கட்டக் கல்லாக எடுத்துப் போவார்கள். இன்றைக்கு நிற்கும் பாழ்ச்சுவர்களில் பாதி, இடித்ததால் அல்ல, கூரை போனதால் வந்தவை.

கையால் இடித்ததும் உண்டு. 1538-ல் லூயிஸ் மடத்துக்கு ஜொவான்னி போர்ட்டினாரி என்ற இத்தாலியப் பொறியாளர் லண்டனிலிருந்து 17 பேரைக் கூட்டிப்போனார்: தச்சர், கொல்லர், ஈய வேலைக்காரர், உலை பார்க்க ஒருவர். சுவரின் அடியைக் குடைவது, குடைந்த இடத்தில் தச்சர்கள் மரமுட்டுக் கொடுப்பது, கடைசியில் முட்டுகளை அழிப்பது. சுவர் தன் பாரத்தாலேயே விழும்.

இன்னொன்று: இத்தனை ஈயம் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் விலை நிற்குமா? நிற்கவில்லை. அரசிடம் விற்காத ஈயம் வருடக்கணக்கில் தேங்கியது.

வாசகன்_16

வருவது தெரிந்தே இருந்திருக்கும். முன்கூட்டியே வெள்ளியை ஒளித்து, நிலத்தைச் சொந்தக்காரர்களுக்கு நீண்ட குத்தகைக்கு எழுதியிருக்கலாமே?

பழையஏடு

எழுதினார்கள். அதனால்தான் பெரிய மடங்களின் ஒப்படைப்பை உறுதி செய்த 1539 சட்டத்தில், ஒப்படைப்புக்கு முந்தைய ஓராண்டுக்குள் பழைய வாடகையைக் குறைத்து எழுதிய குத்தகைகள் செல்லாது என்று ஒரு விதி. வெள்ளியை ஒளிப்பது ஆபத்து. கிளாஸ்டன்பரி மடத் தலைவர் ரிச்சர்ட் வைட்டிங் மேல் சுமத்தியதில் அதுவும் ஒன்று. 1539 நவம்பர் 15-ல் ஊரை அடுத்த குன்றின் உச்சியில் தூக்கிலிட்டார்கள். ரீடிங், கோல்செஸ்டர் தலைவர்களுக்கும் அதே முடிவு.

சண்டையே நடக்கவில்லை என்பதும் சரியல்ல. 1536 அக்டோபரில் லிங்கன்ஷயரின் லௌத் ஊரில் கிளர்ச்சி வெடித்தது, பிறகு யார்க்‌ஷயரில் ராபர்ட் ஆஸ்க் தலைமையில் பல்லாயிரம் பேர் கிறிஸ்துவின் ஐந்து காயக் கொடியோடு திரண்டார்கள். மன்னர் தரப்பு சமாதானம் பேசிக் கலைத்தது, அடுத்த ஆண்டு ஆஸ்க்கை யார்க்கில் தூக்கிலிட்டது. அதே 1537-ல், கிளர்ச்சிக்கு உதவினாய் என்ற மிரட்டலில் ஃபர்னஸ் மடம் 'தானாக' ஒப்படைத்தது. இதுதான் திருப்பம். 1536 சட்டத்தால் 200 பவுண்டும் அதற்கு மேலும் வருமானமுள்ள ஃபர்னஸ் போன்ற மடத்தைத் தொடவே முடியாது. 'தானாகக் கொடுத்தால்' சட்டமே வேண்டாம். அப்படி வாங்கியதையெல்லாம் 1539 சட்டம் உறுதி செய்தது. கடைசி மடம் வால்தம், 1540 மார்ச்.

கையெழுத்துப் போட்டவருக்கு ஓய்வூதியம். சாதாரணத் துறவிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 பவுண்டு, பெரும்பாலான கன்னியருக்கு (பெண் துறவிகளுக்கு) 2 அல்லது 3. பெரிய மடத் தலைவருக்கு நூறு பவுண்டுக்கும் மேல். துறவி பங்குக் குருவாகித் தகுந்த வருமானம் கிடைத்தால் ஓய்வூதியம் நிற்கும், அதனால் அரசே வேலை தேடித் தர ஆர்வம் காட்டியது. கன்னியருக்கு அந்த வழியில்லை. 1539-ன் ஆறு விதிகள் சட்டப்படி கற்பு வாக்குறுதி நீடித்ததால் திருமணமும் முடியாது. பிச்சையெடுத்து வாழ்ந்த ஃபிரயர்களுக்குப் பொதுவாக ஓய்வூதியமே இல்லை, அவர்களிடம் பறிக்க நிலமும் இல்லை.

கணக்குப்பிள்ளை

விற்பனையும் சேர்த்துப் படிக்கவும். ஆண்டு வாடகையைப் போல் 20 மடங்கு என்பது வழக்கமான விலை. தானமாகப் போனது கொஞ்சம், காசுக்குப் போனதே அதிகம். 1540-களின் பிரெஞ்சு, ஸ்காட்லாந்துப் போர்ச் செலவுதான் அதை விரைவுபடுத்தியது. வாங்கியவர்களில் கத்தோலிக்கரும் தாராளம். 1554-ல் மேரி அரசி நாட்டை ரோமுக்குத் திரும்பக் கூட்டிச் சென்றபோது, நிலம் வாங்கியவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று போப்பின் தூதரான கர்தினால் ரெஜினால்ட் போல் (Pole) என்பவர் எழுதிக் கொடுத்த பிறகே பாராளுமன்றம் அசைந்தது.