சிவப்பு லைற்றிலை நிக்கேக்கை போனைத் தூக்கினாலும் ரிக்கற்றோ?

ஸ்காபரோ அம்மா கேட்டது:

வணக்கம். மகனுக்கு 19 வயசு, ஜி2 லைசென்ஸ் (இஞ்சை கனடா ஒன்ராறியோவிலை முழு ஜி லைசென்ஸுக்கு முந்தின படி). போன வியாழன் பின்னேரம் மார்க்கம் றோட், எல்ஸ்மியர் சந்தியிலை சிவப்பு லைற்றுக்கு நிண்டிருக்கிறான். மடியிலை கிடந்த போன் அதிர, ஆரெண்டு பாக்கத் தூக்கினவன். பக்கத்து லேனிலை நிண்ட பொலிஸ் கண்டிட்டார். கார் ஒரு அங்குலம் அசையேல்லை, அவன் கதைக்கவுமில்லை. இதுக்கு ரிக்கற் எழுதலாமோ? 30 நாளைக்கு லைசென்ஸ் போகுமெண்டு பிள்ளை சாப்பிடாமல் இருக்கிறான். வேலைக்குப் போறது காரிலைதான். போனைக் கையிலை பிடிக்காமல் கதைக்கிற ஹான்ட்ஸ் ஃப்ரீ ஒண்டு வாங்கிக் குடுத்தால் இனிப் பிரச்சினை வராதுதானே?

இதையும் சொல்லத்தான் வேணும். அந்த நேரம் கோல் எடுத்தது நான். வரேக்கை பால் வாங்கி வரச்சொல்ல எடுத்தனான்.

ட்ரைவிங் படிப்பிக்கிறவர் எழுதினது:

தங்கச்சி, ரிக்கற் எழுதலாம். ஒன்ராறியோவிலை இந்தச் சட்டம் 2009 ஒக்ரோபரிலை வந்தது. லைற்றுக்கு நிக்கிறதும் ஓடுறதுக்குள்ளைதான் அடங்கும். ஒரு ஆள் காருக்குள்ளை கீழை விழுந்த போனை சிவப்பு லைற்றிலை குனிஞ்சு எடுத்த வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போனது. எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தாலும் பிடிச்சது பிடிச்சதுதான் எண்டு 2013இலை தீர்ப்பு.

முழு ஜி லைசென்ஸ்காரருக்கு முதல் தரம் 615 டொலர், 3 தண்டனைப் புள்ளி, 3 நாள் லைசென்ஸ் நிறுத்தம். வழக்காடித் தோத்தால் 1000 டொலர் வரைக்கும் போகலாம். ஜி1, ஜி2 பிள்ளையளுக்குப் புள்ளி இல்லை. அதுக்குப் பதிலா முதல் தரம் 30 நாள், ரெண்டாம் தரம் 90 நாள், மூண்டாம் தரம் லைசென்ஸே ரத்து. காசைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. அதாலை கட்டமுதல் ஒரு பராலீகலோடை (இப்பிடிச் சின்ன வழக்குகளை நடத்த அனுமதி உள்ளவர்) கதையுங்கோ. ரிக்கற்றுக்குப் பதில் குடுக்க 15 நாள்தான் இருக்கு.

இனி ஹான்ட்ஸ் ஃப்ரீ. சட்டம் அதை விடுகுது, உண்மை. ஆனால் எனக்கு நடந்ததைச் சொல்லுறன். நான் 22 வருசமாப் படிப்பிக்கிறன். நாலு வருசத்துக்கு முதல் ஒரு நாள் 401 நெடுஞ்சாலையிலை கிழக்குப் பக்கமா வாறன், நீல்சன் றோட் எக்ஸிற்றிலை இறங்கவேணும். ஊரிலையிருந்து தங்கச்சி கோல். அம்மாவை ஆஸ்பத்திரியிலை மறிச்சிட்டினமாம். ஸ்பீக்கரிலைதான் கதைச்சனான். ரெண்டு கையும் ஸ்டியரிங்கிலை, கண் றோட்டிலை. கோலை வைச்சிட்டு நிமிர்ந்தால் போர்ட் யூனியன் எண்ட பலகை. எக்ஸிற் நம்பர் 390. நீல்சன் 385. இஞ்சை எக்ஸிற் நம்பர் கிலோமீற்றர் கணக்கு. அப்ப அஞ்சு கிலோமீற்றர் ஓடியிருக்கிறன். மோர்னிங்சைட், மீடோவேல் பலகையள் கண்ணுக்கு முன்னாலை போயிருக்கும், ஒண்டும் நினைவில்லை. அந்த இடைவெளிக்குள்ளை முன்னாலை ஒருத்தர் சடாரெண்டு பிரேக் அடிச்சிருந்தால்? இப்பவும் அந்தப் பலகையைக் கண்டால் நெஞ்சு பதறும்.

அமெரிக்காவிலை யூட்டா பல்கலைக்கழகத்து ஆக்கள் இதைத்தான் சோதிச்சுப் பாத்தவை. காரோடை குரலிலை கதைச்சு வேலை செய்விச்சால், முடிச்ச பிறகும் 27 செக்கன் வரைக்கும் கவனம் முழுசாத் திரும்பாமல் இருக்கலாமெண்டு 2015இலை வந்தது. 60இலை ஓடினால் 27 செக்கனுக்கு 450 மீற்றர். பள்ளிக்கூடம் ஒண்டைத் தாண்டலாம்.

டெலிவரி ஓடுறவன்:

அண்ணை, அப்ப பக்கத்து சீற்றிலை இருக்கிற ஆளோடை கதைக்கிறதும் அதுதானே? நாங்கள் நாள் முழுக்க ஸ்பீக்கரிலை கதைச்சுத்தான் ஓடுறம். போனை அசையாமல் ஸ்ராண்டிலை பூட்டியிருந்தால் ஒரு பட்டன் தட்டி எடுக்கலாம், அது சட்டத்திலையே இருக்கு. அட்ரஸை மட்டும் கியர் போடமுதல் அடிச்சிடுவன்.

ட்ரைவிங் படிப்பிக்கிறவர்:

தம்பி, அட்ரஸை முதலே அடிக்கிறது நல்ல பழக்கம், விடாதையும். ஆனால் பக்கத்திலை இருக்கிறவர் றோட்டைப் பாக்கிறார். லொறி ஒண்டு உள்ளை வெட்டினால் அவரே வாயை மூடுவார், சிலவேளை "பாத்து!" எண்டு கத்துவார். போனிலை இருக்கிறவருக்கு நீர் எங்கை நிக்கிறீர் எண்டே தெரியாது, "ஹலோ, ஹலோ, கேக்குதோ" எண்டு இன்னும் இழுப்பார். அதோடை, ஸ்பீக்கரிலை கதைச்சுக் கவனம் பிசகி எங்கையாவது இடிச்சால் கவனயீனமா ஓடினது எண்டு வேறை வழக்கு வரும். அதுக்கு 6 புள்ளி.

என்னட்டைப் படிக்கிற பிள்ளையள் காருக்குள்ளை ஏறினால் போன் முதல்லை கிளவ் பொக்ஸுக்குள்ளை போகவேணும். மடியிலை வைச்சால் கை தானாப் போகும். தங்கச்சி, கேட்டதாலை சொல்லுறன், கோவிக்காதையுங்கோ. அவன் வெளிக்கிட்ட நேரம் உங்களுக்குத் தெரியும். வந்து சேருறவரைக்கும் எடுக்காதையுங்கோ.

ஸ்காபரோ அம்மா:

கோவமில்லை அண்ணை. வாசிச்சு அழுதிட்டன். நேற்று அவன்ரை ஐபோனிலை ஓடுற நேரத்துக்குரிய அமைப்பைப் போட்டம். கோல் எடுத்தால் சத்தம் வராது, மெசேஜ் போட்டால் "கார் ஓடுறன்" எண்டு தானாப் பதில் வரும். ஹான்ட்ஸ் ஃப்ரீ வாங்கேல்லை. நாளைக்குப் பராலீகலிட்டைப் போறம். 30 நாள் வந்தாலும் வரட்டும், மார்க்கம் றோட்டிலை 102 பஸ் ஓடுது. விடியமுதல் ஷிப்ற்றுக்கு எத்தினை மணி பஸ் பிடிக்கவேணுமெண்டு பாத்து ஃப்ரிட்ஜிலை ஒட்டியிருக்கிறன்.