11 வருஷ வாஷிங் மெஷின்: கியர் மாற்றலாமா, ஜப்பான் செகண்ட்ஹேண்ட் வாங்கலாமா?

திங்கன்ஜுன்_மேல்மாடி

எல்லோருக்கும் வணக்கம். யாங்கூனில் ஐந்தாவது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. 7 கிலோ டாப் லோட், ஃபுல் ஆட்டோமேட்டிக், 11 வருஷம் ஆகிறது. குழாய்க்கிணற்றுத் தண்ணீர், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிறது.

தண்ணீர் நிரம்ப 25 நிமிஷத்துக்கு மேல் ஆகிறது, சில நாள் பாதியிலேயே பிழை காட்டி நின்றுவிடுகிறது. துவைக்கும்போது சத்தமில்லை, பிழியும்போது மட்டும் லாரி மேடேறுவது போல உறுமல். மெஷினுக்கு அடியில் செங்கல் நிறத்தில் தண்ணீர் சொட்டுகிறது. பார்க்க வந்தவர், "கியர் போச்சு, கன்ட்ரோல் போர்டும் இன்னும் கொஞ்ச நாள்தான், புதுசு வாங்கிடுங்க" என்கிறார். கியர் செட்டுக்கும் (டிரம்மைச் சுற்றும் பல்சக்கரப் பெட்டி, டிரம் பேரிங்கும் அதிலேயே) கூலிக்கும் அவர் சொல்லும் தொகை புது மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. அதே காசுக்கு ஜப்பானில் ஓடிய செகண்ட்ஹேண்ட் மெஷினே கிடைக்கிறது. எது புத்திசாலித்தனம்?

மோல்மீன்_வைண்டிங்

தம்பி, மூன்று கோளாறையும் ஒரே மூட்டையாகக் கட்டி "மெஷின் போச்சு" என்று முடிவு கட்ட வேண்டாம். தண்ணீர் நிரம்பாததற்கும் கியருக்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் தண்ணீர். தொட்டியின் நீர்மட்டத்துக்கும் மெஷினின் இன்லெட் வால்வுக்கும் இடையே எத்தனை மீட்டர் உயரம் என்று அளந்து பாருங்கள். 1 மீட்டருக்கு 0.01 மெகாபாஸ்கல் அழுத்தம், அவ்வளவுதான். டாப் லோட் மெஷின்கள் பெரும்பாலும் 0.03 கேட்கும், அதாவது 3 மீட்டர். மேல்மாடி வீடுகளில் இது 2, 2.5 தான் தேறும். கீழ்மாடியில் இதே மெஷின் ஒழுங்காக ஓடும், மேல்மாடியில் குறித்த நேரத்துக்குள் நிரம்பவில்லை என்று பிழை காட்டும். மெஷின் மேல் குற்றமில்லை.

அடுத்து, ஹோஸைக் கழற்றினால் வால்வின் வாயில் ஒரு சின்ன வலை இருக்கும். மூக்குக் குறடால் மெதுவாக இழுத்தால் வந்துவிடும். குழாய்க்கிணற்று இரும்புச் சேறு அதில்தான் அப்பிக்கொள்ளும். ஒரு கப் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் பிரஷால் தேயுங்கள். வலையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. அப்புறம் மணல் வால்வின் ரப்பரில் சிக்கி, மெஷினை அணைத்த பிறகும் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும்.

வலை சுத்தமாக இருந்தும் வரத்து மோசமென்றால் வால்வு காயிலை மல்டிமீட்டரில் பாருங்கள். 230 வோல்ட் வால்வுக்கு 3.5 முதல் 5 கிலோ ஓம் வரை காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் காயில் அறுந்திருக்கிறது. வால்வு மலிவான சாமான்தான்.

இனி உறுமல். பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரை வடித்து, பழைய மெத்தை மேல் மெஷினைச் சாய்த்துப் படுக்க வையுங்கள். இரண்டு பேர் வேண்டும். கெபாசிட்டரின் இரு முனைகளையும் ஒரு குண்டு பல்பின் வயர்களால் தொட்டு மின்னேற்றத்தை இறக்கிவிட்டே கை வையுங்கள். பெல்ட்டைக் கழற்றி மோட்டார் புல்லியைத் தனியாகச் சுற்றுங்கள். அங்கே கரகரத்தால் மோட்டார் பேரிங்தான், கியருக்கு வேலையே இல்லை. மோட்டார் சத்தமின்றிச் சுற்றினால், பிழியும்போது பிரேக்கை விடுவிக்கும் கிளட்ச் லிவரைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு பெரிய புல்லியைச் சுற்றுங்கள். லிவரை இழுக்காமல் சுற்றினால் பிரேக் பிடித்த நிலையில், டிரம்முக்குள் துணியை அலசும் அடித்தட்டு மட்டுந்தான் சுழலும், டிரம் பேரிங் அசையாது. துவைக்கும்போது சத்தமில்லாமல் பிழியும்போது மட்டும் உறுமுவதும் இதனால்தான். லிவரை இழுத்துச் சுற்றும்போது கல் அரைபடுகிற மாதிரி இருந்தால், ஆமாம், கியர் செட் மாற்ற வேண்டியதுதான்.

இன்னொன்று. செங்கல் நிறம் என்றதும் பேரிங் துரு என்று முடிவு செய்யாதீர்கள். உங்கள் தண்ணீரே அந்த நிறத்தில் படியும். சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். வெறும் பொடியாக உதிர்ந்தால் தண்ணீர்ப் படிவு, ஏதோ ஹோஸ் கசிகிறது. பிசுபிசுத்து, கரும்பழுப்பாக, விரலில் ஒட்டினால் கிரீஸ் கரைந்து வருகிறது. சீல் போய் பேரிங்குக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது.

சிரியம்_ஸ்டெபிலைசர்

வைண்டிங்காரர் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல இருப்பது கரண்ட் பற்றி மட்டும்.

போர்டு போகப் போகிறது என்று பார்வையாலேயே சொல்ல முடியாது. பல போர்டுகள் பிசின் ஊற்றி மூடியே வரும். உள்ளே பாகம் மாற்றுவது கஷ்டம் என்பது நிஜம். ஆனால் கரண்ட் போய்த் திரும்பும்போது அடிக்கிற அடியில் முதலில் சாவது ஃபியூஸும் வாரிஸ்டரும்தான். வாரிஸ்டர் நீல நிறத்தில் பெரிய பட்டன் மாதிரி இருக்கும், 471 என்று எழுதியிருக்கும். அது கருகி வெடித்து ஃபியூஸும் போயிருந்தால் போர்டு பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதன் வேலையே தான் செத்து மற்றதைக் காப்பதுதான். பிசினுக்கு வெளியே இருந்தால் இரண்டையும் மாற்றிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

சாயங்காலம் உங்கள் வீட்டில் எத்தனை வோல்ட் என்று அளந்து எழுதுங்கள். சாதாரண இண்டக்‌ஷன் மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு போகும். 230க்குப் பதில் 180 வந்தால் விசை 61 சதவீதம், 160 என்றால் பாதிக்கும் கீழே. மோட்டார் முனகும், சூடாகும், ஈரத் துணியோடு டிரம் கிளம்பாது. கியரே மாற்றினாலும் அது தீராது. ஹீட்டர் இல்லாத மெஷினுக்கு 2 கேவிஏ ஸ்டெபிலைசர் போதும், கிளம்பும்போது இழுக்கும் கரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. மோட்டார் முனகியபடி நின்றால் கெபாசிட்டரையும் அளந்துவிடுங்கள். மேலே 12 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்து மீட்டரில் 10.8க்குக் கீழே காட்டினால், அதே அளவில் 450 வோல்ட் சாமான் போடுங்கள்.

ஜப்பான் மெஷின் விஷயம். தரம் உண்மை, ஆனால் அது 100 வோல்ட். நம் ப்ளக்கில் அப்படியே செருகினால் அன்றைக்கே முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஹீட்டர் இல்லாததற்கு 1500 விஏ, உலர்த்துகிற ஹீட்டர் உள்ளதற்கு 2000க்குக் குறையாமல். மெஷின் விலையோடு இதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும், கடையில் யாரும் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள்.

மலிவாகக் கிடைப்பது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். ஒற்றைச் சுருள். அதன் கீழ்ப்பகுதி அறுந்தால் 230 வோல்ட் அப்படியே மெஷினுக்குள் போகும். இரட்டைச் சுருள் வகை கனமாக இருக்கும், விலையும் கூட, ஆனால் அதைத்தான் வாங்குங்கள். இன்புட் 180க்கு இறங்கினால் அவுட்புட் 78தான் வரும். ஆகவே ஸ்டெபிலைசரை டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் போட வேண்டும். ஜப்பான் பிளக்கில் தட்டையான இரண்டு காலும் தனியாக ஒரு பச்சை வயரும் இருக்கும். அந்தப் பச்சை வயர் எர்த். வெட்டிப் போட்டுவிட்டு விற்கிறார்கள், ஈரக் கையால் தொடுகிற சாமான் என்பது நினைவிருக்கட்டும்.

வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள். ஜப்பானில் 2009 ஏப்ரலிலிருந்து வாஷிங் மெஷினில் தயாரித்த வருஷத்தையும் பாதுகாப்பாக ஓடக்கூடிய காலத்தையும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். ஜப்பானிய எழுத்து தெரிய வேண்டியதில்லை, வருஷம் நாலு இலக்கமாக இருக்கும், அதோடு பெரும்பாலும் 7 என்ற எண்ணும். 2014 லேபிள் என்றால் அந்தக் கணக்கு 2021லேயே முடிந்தது. மோட்டார் வேகத்தைத் தானே மாற்றும் இன்வெர்ட்டர் போர்டு இல்லாத பழைய மாடலில் 50, 60 ஹெர்ட்ஸ் இரண்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானின் மேற்குப் பகுதி 60, நம்முடையது 50. வெறும் 60க்கான மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றி, சூடும் ஆகும்.

தட்டோன்_அக்கா

இரண்டு பேரும் மெஷினைப் பார்க்கிறீர்கள், வீட்டைப் பார்க்கவில்லை! கரண்ட் முறை வைத்து வருகிற ஊரில் ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து ஓடும் ஆட்டோமேட்டிக் எதற்கு? என் வாக்கு, துவைக்க ஒன்று பிழிய ஒன்று என்று இரட்டைத் தொட்டி உள்ள மெஷினுக்கே. வாளியால் தண்ணீர் ஊற்றலாம், அழுத்தக் கணக்கு ஒன்றும் வேண்டாம். போர்டே இல்லை, முறுக்குகிற டைமர்தான். 10 நிமிஷம் துவைத்து, 3 நிமிஷம் பிழிந்து, கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரே சோப்புத் தண்ணீரில் வெள்ளை, அப்புறம் கலர், கடைசியில் கால்மிதி என்று மூன்று ஈடு எடுக்கலாம். பழுதும் சில்லறைதான்: பிழியும் பக்கத்து பிரேக் கம்பி, அடி ரப்பர் சீல், இரண்டு கெபாசிட்டர். கை வேலை கூட என்பதை மறைக்கவில்லை, பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

இன்னொரு சங்கதி, யாரும் சொல்லவில்லை. இரும்புத் தண்ணீரில் வெள்ளைத் துணிக்குக் குளோரின் ப்ளீச் போடாதீர்கள். கரைந்திருக்கும் இரும்பைத் துருவாக்கித் துணியிலேயே படிய வைத்துவிடும். வெளுக்கப் போட்டது மஞ்சளாகும். அப்புறம் மெஷினைத் திட்டுவார்கள்.

திங்கன்ஜுன்_மேல்மாடி

ஐயா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. அளந்துவிட்டேன். தொட்டி உயரம் 2.4 மீட்டர். வலை முக்கால்வாசி அடைத்திருந்தது. சுத்தம் செய்த பிறகு 14 நிமிஷத்தில் நிரம்புகிறது, பிழை காட்டவில்லை. காயில் 4.1 கிலோ ஓம். இரவு ஏழு மணிக்கு 185 வோல்ட். மோட்டார் புல்லி வழுவழு. லிவரை இழுத்துச் சுற்றினால் கரகரப்பு, சொட்டும் பிசுபிசுக்கிறது. டிரம் விரிசல் இல்லை, அடிச்சட்டமும் துருப்பிடிக்கவில்லை. தண்ணீருக்கு நுண்ணிய ஃபில்டர் ஒன்று போடலாமா?

மோல்மீன்_வைண்டிங்

ஃபில்டர் வேண்டாம். 2.4 மீட்டர் அழுத்தத்தில் 5 மைக்ரான் ஃபில்டர் போட்டால் பழைய 25 நிமிஷத்துக்கே போவீர்கள். தொட்டியின் வெளிக்குழாய் அடிமட்டத்திலிருந்து ஒரு சாண் மேலே இருக்கும்படி மாற்றுங்கள், சேறு அடியிலேயே தங்கும்.

டிரம்மும் சட்டமும் நன்றாக இருப்பதால் மூன்றில் ஒரு பங்குச் செலவில் கியர் மாற்றுவதுதான் என் தீர்ப்பு. ஐந்து மாடி ஏற்றி இறக்கும் கூலியும் மிச்சம். செலவு பாதியைத் தாண்டினாலோ, டிரம்மில் விரிசல் இருந்தாலோ அக்கா சொன்ன வழிக்கு நானும் கை தூக்கியிருப்பேன்.

பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். மாடல் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். தண்டின் நீளம், நுனியிலுள்ள பற்களின் எண்ணிக்கை, போல்ட் துளைகளின் இடைவெளி மூன்றும் ஒத்திருக்க வேண்டும். ஒரு பல் மாறினாலும் அடித்தட்டு உட்காராது.

கஷ்டமான இடம் டிரம் நட். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். சில மாடலில் இடது மரை, எந்தப் பக்கம் கழலும் என்று பார்த்துவிட்டே பலம் கொடுங்கள். டிரம் வெளியே வராவிட்டால் அடி மையத்தை ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். மேல் வளையத்தில் கம்பி போட்டு நெம்பாதீர்கள், உள்ளே உப்புநீர் நிரம்பிய பிளாஸ்டிக் அது, உடைந்தால் டிரம்மே போச்சு. புது சீலின் உதட்டில் நீர் புகாத கிரீஸ் தடவி, நான்கு போல்ட்டையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பெல்ட்டையும் புதிதாகப் போடுங்கள், நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்குள் இறங்க வேண்டும். நான்கு தொங்கு கம்பிகளில் எதுவும் தளர்ந்திருந்தால் நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் டிரம் சாய்ந்து அடிக்கும்.

முதலில் காலியாகப் பிழிய விட்டுக் கேளுங்கள், பிறகு ஈரத் துண்டு நான்கைந்து போட்டு. ஸ்டெபிலைசர் வரும் வரை இரவு ஏழு மணிக்குப் பிழிய வேண்டாம், காலையில் ஓட்டுங்கள்.