சஃப்ரஜிஸ்ட், சஃப்ரஜெட்: தமிழில் எவ்வாறு வழங்கலாம்?

வேலூரிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். மாணவியருக்கான வரலாற்றுத் துணைப்பாடம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். பிரிட்டனில் பெண்களின் வாக்குரிமைக்காக மனு, பொதுக்கூட்டம், ஊர்வலம் எனச் சட்டவழி நின்ற மில்லிசென்ட் ஃபாசெட் அணியினரை மூலநூல் சஃப்ரஜிஸ்ட் என்கிறது. எம்மலின் பாங்கர்ஸ்ட் 1903இல் மான்செஸ்டரில் தொடங்கிய சங்கத்தில் சேர்ந்து, சன்னல்களை உடைத்துச் சிறையில் உண்ணாநோன்பிருந்தவர்களை சஃப்ரஜெட் என்கிறது. இரண்டுக்கும் ‘வாக்குரிமைப் போராளி’ என்றே எழுதினால் பாடத்தின் பாதி மறைந்துவிடும். லண்டன் ஹாலோவே சிறையிலும் பின்னாளில் நம் வேலூர்ச் சிறையிலும் இருந்த அயர்லாந்துப் பெண்மணி மார்கரெட் கசின்ஸ் இப்பாடத்தில் வருகிறார் என்பதால், சொல் பொருத்தமாக அமையவேண்டும் என்னும் கவலை எனக்குக் கூடுதலாக இருக்கிறது.

ஆரணியிலிருந்து:

அம்மா, முதலில் ‘வாக்கு’ என்பதே வடசொல் என்பதை நினைவூட்டுகிறேன். ‘கயிறுபிணிக் குழிசி ஓலை’ (கயிற்றால் கட்டிய குடத்து ஓலை) என்று அகநானூற்றின் 77ஆம் பாட்டிலேயே தேர்தல் ஓலை இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டிலும் குடவோலை முறை விரிவாகப் பேசப்படுகிறது. எனவே ஓலையுரிமை என்பதை அடிச்சொல்லாகக் கொள்ளலாம். திருவாளர், திருவாட்டி என்னும் இணையைப் பின்பற்றி, முன்னவரை ஓலையுரிமையாளர் என்றும் பின்னவரை ஓலையுரிமையாட்டி என்றும் வழங்கலாம். சீமாட்டி, மூதாட்டி, பெருமாட்டி என ‘ஆட்டி’ ஈறு நம்மிடம் உயிருடன் இருக்கிறது.

குடியாத்தத்திலிருந்து:

ஐயா, குடவோலை என்பது குடத்திலிட்ட ஓலையைக் குலுக்கி எடுக்கும் முறை. ஒவ்வொருவரும் தம் விருப்பத்தைப் பதிவு செய்யும் முறை அன்று. அதிலும் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது என்று தகுதிகள் இருந்தன. பெண்களின் வாக்குரிமைக்கு அதை அடிச்சொல்லாக்குவது எனக்கு உடன்பாடில்லை. பேரணாம்பட்டுப் பிள்ளை ‘ஓலையுரிமை’ என்று படித்தால் பனையோலை வெட்டும் உரிமையென்றே கொள்வாள்.

அதைவிடப் பெரிய இடர் ‘ஆளர்’ ஈற்றில் உள்ளது. வாக்குரிமையாளர் என்றால் வாக்குரிமை உடையவர் என்றுதான் பொருள்படும். இவர்களோ அது இல்லாததால் போராடியவர்கள். பிரிட்டனில் 1918இல்கூட 30 வயது நிரம்பி, சொத்துத் தகுதியும் உடைய பெண்களுக்கே அது கிடைத்தது. ஆண்களுக்கு நிகரான உரிமை வர 1928 ஆயிற்று. இல்லாததை உடைமையாக்கிக் காட்டும் ஈறு இங்கு வேண்டாம். விரும்பிக் கேட்பவர் என்று பொருள்தரும் வேட்பாளர் என்னும் சொல்லும் தேர்தலில் நிற்பவருக்குப் போய்விட்டது. சஃப்ரஜிஸ்டை வாக்குரிமை கோருநர் என்றும் சஃப்ரஜெட்டை வாக்குரிமைக் கிளர்ச்சியர் என்றும் எழுதுங்கள்.

காட்பாடியிலிருந்து:

கிளர்ச்சியர் என்பதில் ஒன்று விடுபடுகிறது. சஃப்ரஜெட் என்பது 1906இல் டெய்லி மெயில் ஏடு இளக்காரமாக இட்ட பெயர். அப்பெண்கள் அதையே ஏற்று, 1912இல் தம் இதழுக்கும் சூட்டிக்கொண்டார்கள். ‘ஆட்டி’யோ மதிப்பைக் காட்டும் ஈறு, அதிலும் அந்த இளக்காரம் வராது. அடிக்குறிப்பு ஒன்று கட்டாயம் தேவை.

வேலூரிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. கோருநர், கிளர்ச்சியர் என்பனவற்றைக் காட்பாடி ஐயா கேட்ட அடிக்குறிப்புடன் அனுப்புகிறேன். ஆனால் இவற்றை ஆட்களின் நிலையான பெயராகக் கொள்ளாமல், அவரவர் அந்தந்தக் காலத்தில் கைக்கொண்ட வழிக்கேற்ப எழுதப்போகிறேன். அயர்லாந்தில் கிளர்ச்சியராக இருந்த கசின்ஸ் அம்மையார், 1917இல் சென்னைக்கு வந்த, இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவிடம் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூது செல்ல ஏற்பாடு செய்தபோது கோருநராகவே நின்றார். சென்னை மாகாணத்தில் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததற்கு அந்தக் கோரிக்கை தொடக்கமாக இருந்தது.

ஆரணியிலிருந்து:

‘கோருநர்’ வங்கிக் கடன் கேட்பவரையும் குறிக்கும். பெரும்பான்மையோர் விரும்புவதால் இம்முறை தடுக்கவில்லை. ‘ஆட்டி’ ஈற்றை நான் கைவிடவில்லை என்பதைக் குழுவின் பதிவில் இருத்துங்கள்.