வரைகலை இடைமுக நிரலாக்கத்தை முதன்முதலாகப் பாடமாக நடத்திய, படித்த அனுபவங்கள்

விரிவுரையாளர் (தொடக்கப் பதிவு)

ஆறு ஆண்டுகளுக்கு முன், எங்கள் கல்லூரியின் பாடத்திட்டக் குழு மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் மாணவர்களுக்கு சாளரம், பொத்தான் கொண்ட நிரல்களை எழுதக் கற்றுத்தரும் வரைகலை இடைமுக நிரலாக்கம் என்ற விருப்பப் பாடத்தைச் சேர்த்தபோது, அதை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாணவர்களுக்கு ஜாவா நிரல்மொழி முன்பே தெரியும் என்பதால் அதில் இதற்கென உள்ள ஸ்விங் என்ற நிரல் நூலகத்தை எடுத்துக்கொண்டேன். 1998ஆம் ஆண்டு ஜாவா 1.2 உடன் வந்த அந்த நூலகம் இன்றைய கண்ணுக்குச் சற்றுப் பழையதாகத் தெரியும் என்றாலும், உள்ளே நடப்பதை அது அதிகம் மறைப்பதில்லை என்பதால் கற்பிப்பதற்கு ஏற்றது என்று இன்றும் நினைக்கிறேன்.

முதல் வகுப்பை வரலாற்றிலிருந்து தொடங்கினேன். 1968 டிசம்பரில் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் சுட்டியை இயக்கிக் காட்டிய நிகழ்ச்சி, 1973இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் உருவான ஆல்டோ கணினி, 1981இல் விற்பனைக்கு வந்த ஸ்டார், 1984இன் மெக்கின்டாஷ் என்று ஐம்பது நிமிடம் படங்களைக் காட்டிப் பேசினேன். மாணவர்கள் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இது பரீட்சைக்கு வருமா சார்?" என்ற ஒரே கேள்வியோடு வகுப்பு முடிந்தது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கைபேசித் திரையைத் தேய்த்தே வளர்ந்தவர்களிடம், பொத்தான் என்பதையே ஒருவர் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று சொன்னால் அவர்களுக்கு வியப்பு எங்கிருந்து வரும்?

பாடம் உண்மையில் தொடங்கியது இரண்டாம் வகுப்பில்தான், அதுவும் நான் திட்டமிடாமலே. ஒரு சாளரம், அதில் ஒரு பொத்தான், அழுத்தினால் கூடும் ஓர் எண் என்று சிறிய நிரல் ஒன்றை எழுதிக் காட்டினேன். நிரல் ஓடத் தொடங்கும் இடமான மெயின் செயற்கூற்றின் (ஃபங்ஷன்) கடைசி வரியில், பழக்க தோஷத்தால், "முடிந்தது" என்று அச்சிடும்படி எழுதியிருந்தேன். நிரலை ஓடவிட்டதும் கன்சோலில் "முடிந்தது" என்று வந்துவிட்டது. சாளரமோ அப்படியே நின்றது. பொத்தானை அழுத்த அழுத்த எண்ணும் கூடிக்கொண்டே போனது. முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி, "மெயின்தான் முடிஞ்சிடுச்சே சார், இப்ப இதை யார் ஓட்டுறாங்க?" என்று கேட்டார். அதுவரை குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன. இரண்டு ஆண்டுகளாக அவர்கள் எழுதிய நிரல்களிலெல்லாம் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அடுத்தது என்ன என்பதைத் தீர்மானித்தது நிரல்; பயனர் அது கேட்டபோது மட்டும் பதில் சொன்னார். இங்கே நிரல் சும்மா காத்திருக்கிறது, பயனர்தான் அதை எழுப்புகிறார். நாம் எழுதிய செயற்கூற்றை நாம் எங்குமே அழைப்பதில்லை, வேறொருவர் அழைக்கிறார். அந்த "வேறொருவர்" யார் என்று விளக்க, அழுத்தல் போன்ற நிகழ்வுகள் காத்து நிற்கும் நிகழ்வு வரிசையையும், அதிலிருந்து ஒவ்வொரு நிகழ்வாக எடுத்து உரிய செயற்கூற்றை அழைக்கும் ஒற்றை இழையையும் (த்ரெட்) கரும்பலகையில் வரைந்தேன்.

அன்று மாலை ஆய்வகத்தில் இன்னொன்றைச் செய்து பார்த்தோம். பொத்தானை அழுத்தினால் ஐந்து விநாடி தூங்கும்படி எழுதச் சொன்னேன். அழுத்திய பொத்தான் அமுங்கியபடியே நின்றது. ஒரு மாணவர் பொறுமையிழந்து அதையே மேலும் நான்கு முறை தட்டினார். அந்தத் தட்டல்கள் எதுவும் வீணாகவில்லை. எல்லாம் வரிசையில் போய் நின்றுகொண்டன. முதல் ஐந்து விநாடி முடிந்ததும் அடுத்த தூக்கம், அது முடிந்ததும் அதற்கடுத்தது என்று மொத்தம் 25 விநாடிகள் சாளரம் எதற்கும் அசையவில்லை. ரேஷன் கடையில் பில் போடுபவரும் அரிசி அளப்பவரும் ஒரே ஆளாக இருந்து, அவரும் நடுவில் டீ குடிக்கப் போய்விட்டால் வரிசை என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. 0 முதல் 100 வரை நகர வேண்டிய முன்னேற்றப் பட்டை ஏன் நடுவில் அசையாமல் இருந்துவிட்டு ஒரேயடியாக 100க்குத் தாவுகிறது என்பதையும் அவர்களே சொன்னார்கள்: திரையை மீண்டும் வரைவதும் அதே இழையின் வேலை, அந்த இழைதான் தூங்கிக்கொண்டிருக்கிறதே. நீண்ட வேலைகளைப் பின்னணிக்கு அனுப்பும் ஸ்விங்வொர்க்கரை அடுத்த வாரம் அறிமுகப்படுத்தியபோது, எதற்காக அது என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் பாடத்திட்டத்தில் இந்தப் பகுதி நான்காம் அலகில் இருந்தது. பொத்தான், பட்டியல், தேர்வுப்பெட்டி என்று மூன்று அலகுகளை முடித்த பிறகுதான் அதற்கு வர வேண்டும். என் அனுபவத்தில் இது தலைகீழ் வரிசை. வரிசையையும் இழையையும் புரிந்துகொண்ட மாணவர் தேர்வுப்பெட்டியை ஆவணத்தைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்வார். வரலாற்றையும் நான் கைவிடவில்லை, இடத்தை மட்டும் மாற்றினேன். ஒரே மதிப்பெண் பட்டியலை அட்டவணையாகவும் வரைபடமாகவும் காட்டச் சொன்னபோது, ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று பழையபடியே நிற்கும் சிக்கலில் மாணவர்கள் ஒன்பதாம் வாரம் முழுவதும் தவித்தார்கள். 1979இல் கணினி அறிவியலாளர் டிரிக்வே ரீன்ஸ்காக் அதே பார்க் ஆய்வகத்தில் தரவையும் காட்சியையும் கட்டுப்பாட்டையும் பிரித்துவைத்த கதையை அப்போது சொன்னேன். பரீட்சைக்கு வருமா என்று யாரும் கேட்கவில்லை.

இந்தப் பாடத்தை நடத்தியவர்களும் படித்தவர்களும் தங்கள் அனுபவங்களை எழுதினால், வரும் பருவத்துக்கு எனக்கு உதவியாக இருக்கும்.

முன்னாள் மாணவி

ஐயா, நான் வேறொரு கல்லூரியில் இதே பாடத்தைப் படித்தேன். எங்கள் குழுத் திட்டப்பணி, துறை நூலகத்துக்கான புத்தகப் பதிவு மென்பொருள். எங்கள் ஆசிரியை ஒரு நிபந்தனை விதித்தார்: மதிப்பெண் வேண்டுமென்றால், நூலகத்தில் வேலை செய்யும் ஒருவர் நம் உதவியில்லாமல் பத்துப் புத்தகங்களைப் பதிவுசெய்ய வேண்டும், நாம் பின்னால் நின்று பார்க்கலாம், வாய் திறக்கக்கூடாது.

நூலக உதவியாளர் அக்கா வந்து அமர்ந்ததும் சுட்டியை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டார். இருபது ஆண்டுகள் தட்டச்சு செய்து பழகிய கை அது. புத்தகத்தின் பெயரை அடித்து எண்டரைத் தட்டினார். அடுத்த பெட்டிக்குப் போகும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. நாங்களோ சேமிக்கும் பொத்தானை அந்தச் சாளரத்தின் இயல்புப் பொத்தானாக, அதாவது எண்டரைத் தட்டினாலே இயங்கும் பொத்தானாக, அமைத்திருந்தோம், ஆகவே ஆசிரியர் பெயரும் விலையும் இல்லாத பதிவு ஒன்று அமைதியாகச் சேமிக்கப்பட்டு, படிவம் காலியானது. தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்து அவர் மறுபடியும் பெயரை அடித்து எண்டரைத் தட்டினார். இப்படி ஒரே புத்தகம் நான்கு முறை பதிவானது. "நான்தான் சரியா பண்ணலையோ என்னமோ" என்று அவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்ட தொனி இன்னும் காதில் இருக்கிறது. பேசக்கூடாது என்ற நிபந்தனையால் நாங்கள் மூவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றோம்.

அன்றிரவே எண்டர் அடுத்த பெட்டிக்குச் செல்லும்படி மாற்றினோம், விடுபட்ட பெட்டி இருந்தால் சேமிக்கும் பொத்தான் மங்கியே இருக்கும்படி அமைத்தோம். எல்லாம் சேர்த்து நாற்பது வரிகூட இருக்காது.

மென்பொருள் பொறியாளர், பகுதிநேர ஆசிரியர்

நான் வார இறுதிகளில் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். கூறுகளை எந்த இடத்தில் வைப்பது என்ற பகுதிக்கு வரும்போது, மாணவர்கள், கூறுகளின் இடத்தையும் அளவையும் தாமே கணக்கிடும் இடஅமைப்பு மேலாளர்களை வெறுத்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் இடத்தையும் அகலத்தையும் எண்களாகவே கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் திரையில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். அதில் வாதம் செய்வதை விட்டுவிட்டேன். ஆங்கிலத்தில் எழுதிய எல்லாப் பெயர்களையும் தமிழாக்கி வரச் சொல்கிறேன், அவ்வளவுதான். "டெலீட்" என்று இருந்த பொத்தானில் "பதிவை நீக்கு" என்று எழுதியதும் எழுத்து பாதியில் நின்று மூன்று புள்ளிகளாகிவிடுகிறது. உயரத்தையும் எண்ணாகக் கொடுத்தவர்களுக்கு "தி"யின் மேல் வளைவும் "கு"வின் கீழ் வளைவும் வெட்டுப்பட்டுப் போகின்றன.

இதே பயிற்சியில் இன்னொன்றும் வெளிவரும். பெயருக்கு அதிகபட்சம் 10 எழுத்து என்று வரம்பு வைத்தவர்களிடம் "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தை அச்சிட்டுப் பார்க்கச் சொல்வேன். நம் கணக்கில் மூன்று எழுத்து. ஜாவா 5 என்று சொல்லும், ஏனென்றால் கணினி எழுத்துகளுக்கான குறியீட்டு முறையான யூனிகோடில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டு எண்ணும் சிறு செயற்கூற்றை அவர்களே எழுதிவிடுகிறார்கள், "க்ஷ" பற்றிய சண்டை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் முடியாமல் தொடர்கிறது.

விரிவுரையாளர் (மறுமொழி)

இருவருக்கும் நன்றி. நூலக அக்காவின் கதையைப் படித்துவிட்டு, எங்கள் ஆய்வகத்தில் சென்ற பருவத்தின் திட்டப்பணிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, சுட்டியைத் தொடாமல் ஒரு பதிவையாவது முடிக்க முடிகிறதா என்று பார்த்தேன். பதினோரு பணிகளில் மூன்றில் மட்டுமே முடிந்தது. நான் முழு மதிப்பெண் கொடுத்திருந்த பணி அந்த மூன்றில் இல்லை.