‘அப்சர்வபிலிட்டி’க்குப் புலப்பாடு சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

மென்பொருளில் புழங்கும் ‘அப்சர்வபிலிட்டி’ (observability) என்ற சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை அவதானிப்புத்திறன், உற்றுநோக்கல், கண்காணிப்பு. மூன்றிலும் எனக்கு ஒரே குறைதான்: பார்ப்பவரைச் சொல்கின்றன, பார்க்கப்படுவதைச் சொல்லவில்லை. 1960-இல் பொறியாளர் ருடால்ஃப் கால்மான் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டில் (control theory) இந்தக் கருத்தை வைத்தபோது பேசியது அமைப்பைப் பற்றி. வெளியே வருவதை வைத்தே உள்நிலையைக் கண்டுபிடிக்க அந்த அமைப்பு இடம் தருகிறதா என்பதுதான் கேள்வி.

மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டின் மென்பொருளைப் பார்த்துக்கொள்பவன் நான். ஒரு சனிக்கிழமை இரவு கேட்டிலிருந்து போன்: “இன்னா சார், சிஸ்டம் படுத்துக்கிச்சா? கேட் பாஸ் வரல. ட்ரெய்லருங்க ரோடு வரைக்கும் நிக்குது.” டேஷ்போர்டைத் திறந்தால் எல்லாம் பச்சை. சிபியூ 20 சதவீதம், நினைவகம் தாராளம், டிஸ்க்கில் இடம் இருக்கிறது. நாங்கள் முன்கூட்டியே கேட்டுவைத்த கேள்விகளுக்கெல்லாம் கண்காணிப்பு ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது! ஒரேயொரு கேட் பாஸ் கோரிக்கையின் தடத்தைப் பிடித்துக்கொண்டு சேவை சேவையாகப் போன பிறகுதான் பிடிபட்டது: பத்து விநாடியில் ஒன்பது, டேட்டாபேஸ் இணைப்புக்காகக் காத்துக்கிடந்தது. அன்று புதிதாக ஏற்றிய பில்லிங் ரிப்போர்ட் ஒன்று இணைப்புகளையெல்லாம் வளைத்துப் போட்டிருந்தது. சர்வர் சும்மா காத்திருந்தால் சிபியூ எப்படி ஏறும்?

ஆகவே புலப்பாடு. நாம் செய்வது கண்காணிப்பு. அமைப்பிடம் இருப்பது, அல்லது இல்லாதது, புலப்பாடு. “இந்தச் சேவையில் புலப்பாடு போதாது, தடம் சேர்க்கணும்” என்று அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தேன். யாரும் விளக்கம் கேட்கவில்லை.

இதற்கு ‘மெய்ப்பாடு’ என்று வைக்கலாம் என்ற ஐயாவுக்கு: ஆசை எனக்கும் உண்டு. உள்ளத்தில் இருப்பது உடலில் தெரிவது என்றால் கால்மான் சொன்னதும் அதுதானே. ஆனால் நகை, அழுகை என்று தொல்காப்பியர் எட்டாக வகுத்த சொல்லை சர்வருக்குக் கொடுத்தால், தமிழாசிரியர்கள் அந்த எட்டில் வெகுளியைத்தான் நமக்குக் காட்டுவார்கள்.

கூடவே வரும் சொற்களில், நடந்ததை எழுதிவைக்கும் லாக்குக்குப் பதிவு, எண்ணாகக் காட்டும் மெட்ரிக்குக்கு அளவு. இவற்றில் சண்டை இல்லை. ஒரு கோரிக்கையைப் பின்தொடரும் டிரேசுக்குத் தடம்; சுவடு வேண்டாம். ஓர் அடி பதிந்தாலும் அது சுவடுதான். நமக்கு வேண்டியது போன வழி முழுக்க.

‘அப்சர்வபிள்’ (observable) என்ற பெயரடைதான் இன்னும் உதைக்கிறது. ‘புலப்பாடுள்ள சேவை’ வாயில் நீளுகிறது. யாரிடமாவது சின்னதாக ஒன்று இருக்கிறதா?