உயிர் உரத்தில் ‘கேரியர்’: தமிழில் என்ன போடலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

குருணை உயிர் உரம் பற்றிய பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது; வரைவை இணைத்திருக்கிறேன். ‘கேரியர்’ என்ற சொல்லில் நிற்கிறேன். அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிரைக் கலந்து வைக்கும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரித் தூள், பீட் மண் போன்றவற்றுக்குப் பொதுப்பெயர் வேண்டும். சுண்ணாம்புத் தூளால் புளிப்பை முறித்து, ஈரம் காத்து, பை பிரிக்கும் நாள்வரை நுண்ணுயிரைப் பிழைக்க வைக்கிற பொருள் அது. ‘ஊடகம்’ சரிவராது, ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் கரைசலை அப்படித்தான் சொல்கிறோம்.

மறுமொழி, யாழ்ப்பாணத்திலிருந்து

நாங்கள் நுளம்பை (கொசுவை) நோய்க்காவி என்றுதான் படித்தோம். காவுவது, அதாவது சுமந்து செல்வது, காவி. காவடியிலும் அதே ‘கா’தான். புறநானூறு 206இல் ஔவையார் ‘காவினெம் கலனே’ என்கிறார். யாழ் முதலான கலங்களைக் காவுதடியில் தூக்கியாயிற்று என்று பொருள். இவ்வளவு பழைய சொல் கையில் இருக்கப் புதிதாக ஏன் ஆக்க வேணும்?

மறுமொழி

ஐயா, சொல் அருமை. ஆனால் தஞ்சாவூர் உழவரிடம் காவி என்றால் வேட்டி நிறம்தான் நினைவுக்கு வரும். பைக்குள் இருப்பதோ கன்னங்கரேல் என்ற தூள். ‘தாங்குபொருள்’ போதும். அப்புறம், குருணை அல்ல, குறுணை. ‘குறுநொய்’தான் மருவியது, றகரம் போடுங்கள்.

மறுமொழி

உரக்கடைகளில் ‘குருணை மருந்து’ என்று ரகரம்தான். விட்டுவிடுங்கள். எனக்குச் ‘சிப்பம்’ பற்றித்தான் கவலை. 50 முதல் 75 மைக்ரான் பாலித்தீன் பையை வரைவில் ‘நெகிழிச் சிப்பம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். விவசாயி பாக்கெட் என்பார். அந்தப் பை காற்றைக் கொஞ்சம் விட்டு ஈரத்தைப் பிடித்து வைப்பது. அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணை தூளுக்கு 30–40 சதவீத ஈரம், கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் கேட்கிறது. பையை வெயிலில் போட்டால் எந்தப் பெயரும் காப்பாற்றாது.

மறுமொழி, யாழ்ப்பாணத்திலிருந்து

‘தாங்கி’ பேரிங்குக்குப் போய்விட்டது. தாங்குவது அசையாமல் நிற்பது. இந்தத் தூளோ விதையோடு வயலுக்குப் போகிறது. ‘காவுபொருள்’ என்றால் நிறக் குழப்பமும் வராதே?

மறுமொழி

எல்லாருக்கும் நன்றி. பெரும்பாலோர் சொன்னபடி ‘தாங்குபொருள்’ என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். குருணைக்கு ரகரம், பைக்குப் பாக்கெட். ‘காவுபொருள்’ கலைச்சொல் பட்டியலில் மாற்றுச் சொல்லாக இருக்கும்.

மறுமொழி, யாழ்ப்பாணத்திலிருந்து

பட்டியலில் முதலாவதாகப் போடுங்கோ.