பஞ்சமங்களால் ஏறி வைத்த காந்தாரம் தம்புராவோடு ஏன் ஒட்டவில்லை?

கேள்வி (குன்னூர்)

வணக்கம். எங்கள் வீட்டு வீணைக்கு மீண்டும் மேளம் கட்டுகிறோம், அதாவது தேன்மெழுகில் மெட்டுகளைப் புதிதாகப் பதிக்கிறோம். ஸட்ஜத்திலிருந்து பஞ்சமம், ரிஷபம், தைவதம் என்று தூய பஞ்சமங்களாகவே ஏறி அந்தர காந்தார மெட்டை வைத்தோம். ஆனால் தம்புராவின் மந்தர ஸட்ஜத்தில் தானாக எழும் சுயம்பு காந்தாரம் அதைவிடத் தாழ்ந்து ஒலிக்கிறது. பன்னிரண்டு பஞ்சமங்கள் ஏறினால் ஏழு ஸ்தாயிகளைத் தாண்டி விழும் மிச்சம்தான் நான்கு பஞ்சமங்களிலேயே தலைகாட்டுகிறதா?

பதில் (கோத்தகிரி)

இல்லை ஐயா. அளவில் நெருங்கியிருப்பதால் இரண்டும் ஒன்றெனத் தோன்றுகின்றன. நான்கு பஞ்சமங்கள் ஏறி இரண்டு ஸ்தாயி இறங்கினால் வருவது ஸட்ஜத்தின் அதிர்வெண்ணைப் போல் 81/64 மடங்கு; தம்புரா தருவது அடிச்சுரத்தைப் போல் ஐந்து மடங்கு அதிரும் மேற்சுரம், இரண்டு ஸ்தாயி இறக்கினால் 5/4. இடைவெளி 81/80, ஏறக்குறைய 21.5 சென்ட் (ஸ்தாயியின் 1200-இல் ஒரு பங்கு ஒரு சென்ட்). ஸ்தாயியை 22 நுண்சுரங்களாகப் பகுக்கும் 22 சுருதிக் கணக்கில் இதற்குப் பிரமாண சுருதி என்று பெயர். நீங்கள் சொல்லும் மிச்சமோ 531441/524288, அதாவது 23.5 சென்ட், மேலைநாட்டார் பித்தாகோரஸ் கமா என்பார்கள். அதில் 2, 3 ஆகிய எண்களின் அடுக்குகள் மட்டுமே உண்டு. 81/80-இல் 5 நுழைந்துவிடுகிறது. (தமிழிசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதர் 22 சுருதிக் கொள்கையையே மறுத்து ஸ்தாயியை 24 சம பங்காக்கினார், அந்த வழக்கை இங்கே இழுத்தால் மெட்டு வைத்து முடியாது.)

பதில் (கொடைக்கானல்)

பிரமாண சுருதிக்கும் பித்தாகோரஸ் கமாவுக்கும் உள்ள வேறுபாடு 2 சென்ட்டுக்கும் சற்றுக் குறைவு. அதனால், ஏறாமல் எட்டுப் பஞ்சமங்கள் இறங்கிப் பார்த்தால் 8192/6561 என்ற காந்தாரம் கிடைக்கும். அது 5/4-க்கு அந்த அளவே தாழ்வு. காது அதைக் குறையாகக் கேட்காது. ஸ்தாயியை 12 சம பங்காக்கும் ஹார்மோனியத்தின் சமப்பகுப்புக் காந்தாரம் 5/4-ஐவிட 14 சென்ட் உயர்ந்தது. ஒரு கட்டைச் சுருதியில் (மேலைநாட்டு C) தம்புராவோடு அதை நீட்டிப் பிடித்தால், மேற்சுரங்கள் மோதி ஒலி கூடிக் குறையும் விம்மல்கள் நொடிக்குச் சுமார் பத்து எழும்.

கேள்வி கேட்டவர்

அப்படியானால் மெட்டை எவ்வளவு நகர்த்துவது? தைவதத்தையும் மாற்ற வேண்டுமா?

பதில் (கோத்தகிரி)

தந்தி நீளம் 80 செ.மீ. என்றால், மெட்டு குதிரையிலிருந்து (குடத்தின் மேல் தந்தியைத் தாங்கும் பாலம்) ஏறக்குறைய 8 மி.மீ. விலக வேண்டும். நம் மலைக் குளிரில் காலையில் தேன்மெழுகு இறுகிக் கிடக்கும். வெயில் ஏறிய பிறகு தொடுங்கள். அதே மெட்டு பஞ்சமத் தந்தியில் காகலி நிஷாதத்தை 15/8-இல் தரும், அது நன்மையே.

தைவதத்தில்தான் சிக்கல். ரிஷப மெட்டு 9/8-இல் இருக்கும்வரை பஞ்சமத் தந்தியின் தைவதம் 27/16 ஆகவே பேசும். ஸட்ஜத் தந்தியில் அதைக் காந்தாரத்தோடு பொருத்தினால் 5/3 ஆகும். இந்த இரண்டுக்கும் இடையில் அதே 81/80 வந்து உட்காரும். தாழ்ந்ததையே வைப்பது என் வழக்கம். தந்தியை இழுத்து 22 சென்ட் உயர்த்துவது எளிது. மெட்டுக்குக் கீழே இறக்க வழியில்லை.